பொதுவான ஒரு ஊர்

என் மகளை எந்த ஊரில் வைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்ய எங்களுக்குப் போன கோடைக்காலம் பெரும்பாலும் கழிந்துவிட்டது. அவள் இருப்பது மான்செஸ்டரில். அங்கே அவளுக்குச் சொந்தமாக வீடு இருக்கிறது. நாங்கள் போனால் தங்குவதற்கு மாடியில் ஓர் அறையும் இருக்கிறது. ஆனால் அந்த வீட்டுக்குள் காலடி வைக்க மாட்டேன் என்று என் கணவர் சொல்லியிருந்தார். அதனால்தான் நாங்கள் பெயரைக்கூட ஒழுங்காக உச்சரிக்க முடியாத வேல்ஸ் நாட்டுத் தீவொன்றில், கடலோரக் கிராமம் ஒன்றைத் தேட வேண்டி வந்தது.

எங்கள் வீடு திருப்பூர் நல்லூரில். வீட்டுக்குப் பின்னாலேயே என் கணவரின் நிட்டிங் யூனிட். பனியன் துணி ஓட்டும் மெஷின்களின் சத்தம் எங்கள் சமையலறைச் சுவரில் எப்போதும் இருக்கும். நான் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் எழுதுவதும், சாம்பிள் சரியாகப் போகிறதா என்று பார்ப்பதும் என் வேலை. ஒரே மகள். மேல்படிப்புக்கு இங்கிலாந்து போனவள் அங்கேயே வேலையும் தேடிக்கொண்டு, அங்கேயே பதிவுத் திருமணமும் செய்துகொண்டாள்.

மாப்பிள்ளை வெள்ளைக்காரன் இல்லை. வெள்ளைக்காரனாக இருந்திருந்தால் என் கணவர் ஒருவேளை தாங்கியிருப்பார். சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ள அதில் ஒரு பெருமைகூடக் கண்டுபிடித்திருப்பார். பையன் திருப்பூரில் வளர்ந்தவன். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். வேறு சாதி, கிறிஸ்தவர்கள். அப்பா இல்லை. அவன் அம்மா நான் வேலை செய்யும் அதே கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறார். நான் உட்கார்ந்திருக்கும் மாடிக்குக் கீழே, நீள மேசையில் துணியை விரித்து ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை.

விஷயம் தெரிந்த அன்று பங்காளிகள் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். துக்க வீடு மாதிரி ஆண்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் என் கணவர் எழுந்து நின்று, "அவ ஊட்டுப் படிய நான் மிதிச்சா என்னைய மனுசன்னே சொல்லாதீங்க" என்றார். அதற்குப் பிறகு அவர்கள் திருப்தியாகக் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். அவர் மட்டும் அந்தப் பேச்சுக்குள்ளேயே மாட்டிக்கொண்டார்.

நான் மகளிடம் பேசிக்கொண்டுதான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் இங்கே சாப்பாடு முடிகிற நேரம் அங்கே காலை. நான் பேசும்போது அவர் எழுந்து யூனிட்டுக்குப் போய்விடுவார். திரும்பி வந்து எதுவும் கேட்க மாட்டார். ஆனால் அவள் குரலில் சளி இருந்தால் நான் சொல்லாமலே தெரிந்துவிடும் அவருக்கு. "அங்க குளுரு சாஸ்தியா இருக்குமாட்ட" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார்.

அவள் கர்ப்பமானதை அவரிடம் சொன்னபோதும் சுவரைப் பார்த்து, "செரி" என்று மட்டும் சொன்னார். அன்று மாலை பஜாருக்குப் போய் நல்ல முருங்கைக்கீரை வாங்கிக்கொண்டு வந்தார். அதை யாருக்கு வாங்கினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

ஆறாவது மாதத்தில் ஒரு நாள் அவள் என்னை ஆபீஸ் நேரத்தில் அழைத்தாள். அந்த நேரத்தில் அவள் அழைப்பதே இல்லை. போனை எடுத்துக்கொண்டு துணி ரோல் அடுக்கி வைத்திருக்கும் ஸ்டோருக்குள் போனேன்.

"அம்மா, கொழந்தை தங்கலீங்கம்மா" என்றாள்.

பின்னால் மாப்பிள்ளை ஏதோ சொல்லி அவளைத் தேற்றுவது கேட்டது. அவன் குரலை நான் சரியாகக் கேட்டதே அன்றைக்குத்தான். நான் ரோல்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெளியே வந்தபோது சேலையெல்லாம் பஞ்சுத் தூசி.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். அவர் எழுந்து யூனிட்டுக்குப் போனார். ஓடிக்கொண்டிருந்த மெஷின்களை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு, ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டில் அவ்வளவு அமைதியை நான் அறிந்ததில்லை. பிறகு உள்ளே வந்து, "ஒருக்கா போயிப் பாத்துட்டு வரோணும்" என்றார்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "போலாமுங்க. இன்னைக்கே சொல்றனுங்க" என்றேன்.

"ஆனா அந்த ஊட்டுக்கு நா வர மாட்டேன். சொன்னது சொன்னதுதான்."

மகளிடம் இதை எப்படிச் சொல்வது என்று தவித்தேன். நான் சொன்னதும் அவள் கோபப்படவில்லை. கோபப்படக்கூட அப்போது அவளிடம் தெம்பு இல்லை. கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். அங்கே ஜனங்கள் லீவுக்குக் கடலோரத்தில் வாரக் கணக்கில் வீடு எடுத்துத் தங்குவார்களாம். ஓட்டல் இல்லை, முழு வீடு. அடுப்பு, பாத்திரம், படுக்கை எல்லாம் இருக்கும். நாமே சமைத்துச் சாப்பிட்டுக்கொள்ளலாம். அவளிருக்கும் ஊரிலிருந்து காரில் போகிற தூரத்தில் ஆங்கிள்சி என்று ஒரு தீவு. அதைச் சுற்றிலும் சின்னச் சின்னக் கடலோர ஊர்கள்.

"அது எங்க ஊடும் இல்ல, உங்க ஊடும் இல்லீங்கம்மா. பொதுவா ஒரு ஊரு. அப்பா வருவாங்களான்னு கேளுங்க."

கேட்டேன். "சமையல் நீ பண்ணுவியா?" என்றார். பண்ணுவேன் என்றேன். "அப்பச் செரி" என்றார்.

அப்படித்தான் தேட ஆரம்பித்தோம். அவள் வீடுகளின் படங்களை அனுப்புவாள். நான் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்ப்பேன். சாயங்காலம் அவரிடம் போனில் காட்டுவேன். மகளிடம் நேராகப் பேசாதவர், என் வழியாகக் கேள்வி மேல் கேள்வி கேட்க ஆரம்பித்தார். அங்கே கேஸ் அடுப்பா, கரண்ட் அடுப்பா? குக்கர் கொண்டு போக வேண்டுமா? அரிசி கிடைக்குமா? கடல் எவ்வளவு கிட்டத்தில்? அவர் கேட்டதை நான் அவளிடம் கேட்பேன். அவள் சொன்னதை இவரிடம் சொல்வேன். அவர்கள் இருவரும் பேசிக்கொள்வது போலவே எனக்கு இருந்தது. அந்த நாட்களில் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தேன். அதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

முதலில் அவள் சொன்ன ஊர் ரோஸ்நைகர். அகலமான மணல் கடற்கரை, ரயில் நிற்கும், கடைகள் இருக்கின்றன. காற்று அதிகம், அலைமேல் பலகை வைத்து விளையாடுகிறவர்கள் வருவார்கள் என்றாள். பேச்சுவாக்கில், கல்யாணமான புதிதில் தாங்கள் இருவரும் அங்கே போய் வந்ததையும் சொல்லிவிட்டாள். அதை நான் இவரிடம் சொல்லியிருக்கக் கூடாது.

"அவங்க ரெண்டு பேரும் சுத்துன ஊருக்கு நா எதுக்கு?" என்றார். ரோஸ்நைகர் அதோடு போயிற்று.

இன்னோர் ஊரில் வீடு நன்றாக இருந்தது, ஆனால் படிக்கட்டு அதிகம் என்றார். அவருக்கு முட்டிவலி உண்டு, நம்பினேன். வேறோர் ஊரில் தரைத் தளத்திலேயே படுக்கை அறை. அதற்கு, பக்கத்தில் மதுக்கடை இருக்கிறது என்றார். இன்னொன்றுக்கு ஜன்னல் சின்னது. ஒவ்வொரு வீட்டின் படத்தையும் அவர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். படுக்கை அறைகளை வேகமாகத் தள்ளிவிடுவார். கடலைக்கூட நிறுத்திப் பார்க்க மாட்டார். சமையலறைப் படத்தில் மட்டும் நிற்பார்.

ஒரு நாள், "டேபிள் ஒண்ணுதானா?" என்று கேட்டார்.

"எந்த டேபிளுங்க?"

"சாப்படற டேபிள்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை நாளும் அவர் தேடிக்கொண்டிருந்தது தனியாக உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம். மாப்பிள்ளையோடு ஒரே மேசையில் கை நனைக்காமல் அந்த வாரத்தைக் கழிக்க முடிகிற வீடு. நான் போனை வாங்கி வைத்துவிட்டு அடுப்பைத் துடைக்கப் போனேன். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன். இதை மகளிடம் சொல்லவில்லை.

பிறகு பென்லெக் என்ற ஊரில் ஒரு வீடு வந்தது. "பல்லிளிச்சாப்பல இருக்குது பேரு" என்றார், ஆனாலும் பிடித்துவிட்டது. நல்ல மணல், அலை அடங்கிய கடல், மளிகைக் கடை நடக்கிற தூரம். கேஸ் அடுப்பு. சமையலறையில் ஒரு மேசை, கண்ணாடி போட்ட முன்னறையில் இன்னொரு சின்ன மேசை. எடுத்துக்கொள்ளச் சொல் என்றார். மகள் அந்த வீட்டின் சொந்தக்காரப் பெண்மணிக்கு எழுதினாள். இந்தியாவிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள், வீட்டிலேயே சமைத்துச் சாப்பிடுவார்கள் என்றும் நல்லபடியாகச் சொல்லியிருக்கிறாள்.

பதில் மரியாதையாகத்தான் வந்தது. மகள் அதை எனக்கு அனுப்பியிருந்தாள். முன்பு ஒரு குடும்பம் தங்கிவிட்டுப் போன பிறகு திரைச்சீலைகளில் மசாலா வாடை போகவே இல்லையாம். அதனால் தாளித்து, வறுத்துச் சமைப்பதைத் தவிர்க்க முடியுமா, லேசான உணவாகச் செய்துகொள்ள முடியுமா என்று கேட்டிருந்தார்.

"ஊட்டுக்காரி என்ன எழுதியிருக்கறா?" என்று இவர் கேட்டார். நான் மாற்றிச் சொல்லியிருக்கலாம். அப்படியே படித்துத் தமிழில் சொல்லிவிட்டேன்.

அவர் முகம் கறுத்துவிட்டது. "நாம சோறாக்குனா அவ ஊடு நாறுதாமா?" என்றார். "நம்மள என்னன்னு நெனச்சுட்டா அவ? நாமென்ன சுத்தபத்தமில்லாத ஜனமா?" அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. யூனிட்டில் ஆட்களிடம் காரணமில்லாமல் கத்தினார். கத்திவிட்டு வந்து தன் சட்டையை முகர்ந்து பார்த்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு மகள் அழைத்தபோது அவர் எழுந்து போகவில்லை. போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னார். போட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

"அந்தப் பொம்பளைக்கு நல்லாக் கேட்டு எழுது. நாங்க ஆருன்னு தெரியாம என்ன பேச்சுப் பேசியிருக்கறா."

அப்பா குரலைக் கேட்டு அழுவாள் என்று நினைத்தேன்.

"அவங்க உங்களப் பாத்ததே இல்லீங்கப்பா" என்றாள். குரல் தெளிவாக இருந்தது. "பாக்காமலே சொல்லிட்டாங்க. உங்க மாப்பிள்ளைய நீங்க எத்தன தடவ பாத்திருக்கீங்க?"

இவர் போனை என் பக்கம் தள்ளினார்.

"அவரு அம்மாவும் நம்ம அம்மாவும் எத்தன வருசமா ஒரே கம்பெனி. அவங்க கையில ஒரு டம்ளர் தண்ணி வாங்கிக் குடிச்சிருப்பீங்களாப்பா? அந்த லேடியாவது தயவுசெஞ்சுன்னு போட்டு எழுதியிருக்காங்க."

"கண்ணு, போதும்" என்றேன் நான்.

"வேண்டாமுங்கம்மா. எந்த ஊரும் வேண்டாம். நீங்க யாரும் வர வேண்டாம். நா இப்படியே இருந்துக்கறேன்."

போன் நின்றுவிட்டது. அவர் எழுந்து செருப்பைக்கூடப் போடாமல் யூனிட்டுக்குப் போனார். அவர்மேல் எனக்குக் கோபம். அவள்மேலும் கோபம். அந்த இரண்டையும்விட, அவள் சொன்ன கேள்வியில் என்னையும் சேர்த்துத்தான் கேட்டாள் என்பது எனக்கு உறைத்தது. கம்பெனியில் தினமும் செக்கிங் மேசையைத் தாண்டித்தான் போகிறேன். அந்த அம்மாளும் நானும் சம்பந்திகள் என்று யாருக்கும் தெரியாமல்தான் பார்த்துக்கொண்டோம். அது எங்கள் இருவருக்கும் சௌகரியம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு வாரங்கள் போயின. நான் அழைத்தால் மகள் எடுக்கவில்லை. "நல்லா இருக்கேன்" என்று மட்டும் மெசேஜ் வரும். ஊர்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஒரு நாள் மதியம் கைகழுவும் இடத்தில் அந்த அம்மாள் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார். சுற்றிலும் பார்த்துவிட்டு, "மேடம், ஒரு வார்த்தை" என்றார்.

"மேடம்னு கூப்படாதீங்க" என்றேன்.

"இங்கன வச்சு வேற எப்பிடிக் கூப்பிட? விடுங்க." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பிள்ள வேலைக்கே போகலியாம். கட்டில்ல சுவரப் பாத்தே படுத்துக் கெடக்காளாம். எம்மவன் போன்ல அழுதான். அவன் அழுது நான் பாத்ததில்ல. நீங்க போய்ப் பாருங்க. நான் போயிருவேன், ஆனா அவளுக்கு அம்மாதான வேணும்."

கடலோரத்தில் வீடு பார்த்ததையும், அது நின்றுபோனதையும் அவர் மகன் சொல்லியிருக்கிறான். எந்த மாதிரிக் கடலோர ஊர் நல்லது, உங்களுக்குக் கடல் பழக்கமாயிற்றே என்று நான் ஏதோ உளறினேன். அவர் சிரித்தார்.

"எனக்குக் கடலே ஆகாது. அது வேண்டாம்னுதான இங்க வந்தேன்" என்றார். பிறகு சிரிப்பு போய்விட்டது. "ஒண்ணே ஒண்ணு கேக்கேன். தப்பா நெனைக்காதிய. அங்கன போனா, உங்க வீட்டுக்காரவுக எம்மவன பக்கத்துல உக்கார வச்சுச் சாப்பிடுவாவளா?"

மணி அடித்தது. அவர் மேசைக்குப் போய்விட்டார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட வைக்காமல் யூனிட்டுக்குப் போனேன். மெஷின் சத்தத்தில் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. "நா மட்டும் போறனுங்க. அவ ஊட்டுக்கே போறேன். நீங்க வர வேண்டாம்." கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவரிடம் நான் இப்படிப் பேசியதில்லை. ஊசி மாற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். மறுபடியும் குனிந்து ஊசியை மாட்டினார்.

அதற்குப் பிறகு அவர் போனை அடிக்கடி கையில் வைத்திருந்ததைக் கவனித்தேன். கிரிக்கெட் பார்க்கிறார் என்று நினைத்தேன். ஒரு நாள் காலை இட்லி வைத்துக்கொண்டிருந்தபோது போனை என் பக்கம் திருப்பினார். திரையில் ஒரு சின்ன மீன்பிடி ஊர். வெள்ளை வீடுகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு மேட்டில் நின்றன. கரையில் மணலுக்குப் பதில் கூழாங்கல். எதிரே கடலில் பறவைகள் உட்காரும் ஒரு பாறைத் திட்டு.

"இந்த மொயலூரு எப்படி?" என்றார்.

ஊரின் பெயர் மொய்ல்வ்ரே. எங்கள் பக்கம் முயலை மொயல் என்போம். அவர் வாய்க்கு அது மொயலூர் ஆகிவிட்டது. வீட்டின் படங்களைப் பார்த்தேன். தாழ்ந்த கூரை, இரண்டு படுக்கை அறைகள், சிறிய சமையலறை. அதன் நடுவில் நான்கு பேர் முட்டிக்கொண்டு உட்காரும் அளவுக்கு ஒரே ஒரு வட்ட மேசை.

"டேபிள் ஒண்ணுதானுங்க இருக்குது."

"பாத்தேன்" என்றார். "அவகிட்டச் சொல்லு."

அந்த ஊரைப் பற்றிப் படித்தபோது எனக்குத் தயக்கம் வந்தது. ஒரு காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஊர் திரும்பிய ஒரு கப்பல் அங்கே கரைக்கு வெகு அருகில் பாறையில் மோதி உடைந்து, ஏராளமான பேர் செத்துப்போயிருக்கிறார்கள். வீடு கண்ணில் தெரிகிற தூரத்தில் சாவு. இந்த நிலைமையில் இருக்கிற பெண்ணை அங்கேயா கூட்டிப் போவது என்று தோன்றியது. மகளுக்கு எழுதினேன். அப்பாவே பார்த்த ஊர் என்றும், ஆனால் இப்படி ஒரு கதை இருக்கிறது, வேறு பார்க்கலாமா என்றும் கேட்டேன்.

அன்றைக்கே அழைத்தாள். "எனக்குத் தெரியுமுங்கம்மா. அங்க செத்துப்போனவங்களுக்கு ஒரு கல்லு நட்டு வெச்சிருக்காங்க. அவங்களுக்கு ஒரு கல்லாச்சும் இருக்குதில்ல" என்றாள். பிறகு, "அந்த ஊரே இருக்கட்டும்" என்றாள். வீட்டின் சொந்தக்காரருக்கு அவள் எழுதிய மெயிலில், நாங்கள் மசாலா போட்டுச் சமைப்போம் என்பதை முதல் வரியிலேயே எழுதியிருந்தாள். தாராளமாகச் செய்யுங்கள், ஜன்னலைத் திறந்துவைத்தால் போதும் என்று பதில் வந்தது.

போனோம். மாப்பிள்ளை விமான நிலையத்துக்கு வந்திருந்தார். ஒல்லியான பையன், கண்ணாடி போட்டவர். என்னை "வாங்க அத்தை" என்றார். இவரைப் பார்த்து "வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டார். மகள் பாதியாக இளைத்திருந்தாள். அப்பாவும் பெண்ணும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். அவர் தன் சால்வையை எடுத்து அவள் தோளில் போட்டார். முட்டிவலிக்காக அவரை முன் ஸீட்டில் உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளை ஓட்ட, பாலத்தைத் தாண்டித் தீவுக்குள் போகிற வரைக்கும் இவர் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். மழை பெய்துகொண்டே இருந்தது.

அன்று அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினேன். கடுகு வெடித்ததும் இவர் எழுந்து வீட்டிலிருந்த ஜன்னல்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார். அப்படிக் குளிர்க்காற்று. மகள் நடுங்கினாள். "ஊட்டு ஓனரு ஒண்ணும் சொல்ல மாட்டாருங்கப்பா" என்றாள். "இருக்கட்டும்" என்று கதவையும் திறந்தார். அந்த வாரம் முழுக்க, நான் அடுப்பைப் பற்றவைத்தால் அவர் ஜன்னலைத் திறக்கப் போய்விடுவார். நன்றாகப் பயந்துபோயிருந்தார். அவருடைய கோபத்தைவிட அதைப் பார்க்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மேசையில் முதல் நாள் மாப்பிள்ளை உட்காரவில்லை. பரிமாறுகிறேன் என்று நின்றுகொண்டே இருந்தார். "நீங்களும் உக்காருங்க" என்று மகள் அழுத்திச் சொன்ன பிறகு உட்கார்ந்தார். இவர் தலையைக் குனிந்து, வேகவேகமாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார். உட்கார்ந்தாரே, அதுவே போதும் என்று நான் நினைத்துக்கொண்டேன். மறுநாள் தட்டைத் தூக்கிக்கொண்டு, "கடலப் பாத்துட்டே திங்கறேன்" என்று ஜன்னல் ஓரத்துக்குப் போய்விட்டார். ஜன்னலில் மழையும் மூடுபனியும் தவிர ஒன்றும் தெரியவில்லை. மகள் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள். மாப்பிள்ளை அவளுக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினார். அப்புறம் ஒரு நாள் மேசையில், ஒரு நாள் ஜன்னலில். எந்த நாள் எங்கே உட்காருவார் என்று யாருக்கும் தெரியாது.

மழை விட்ட ஒரு மதியம் அப்பாவும் பெண்ணும் கரையோர பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நான் பிளாஸ்க்கில் டீ எடுத்துக்கொண்டு போனேன். கூழாங்கல்லில் கால் வழுக்கும் என்று மெதுவாக நடந்தேன். காற்று என் பக்கம் வீசியதால் பேச்சு கேட்டது.

"பேரு வெச்சிருந்தீங்களா, கண்ணு?"

"வெச்சிருந்தமுங்கப்பா."

சொன்னாள். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. இவர் அதை ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு அவள் தலையில் கையை வைத்து அப்படியே வைத்திருந்தார். அவள் வாய்விட்டு அழுதாள். நான் டீயோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். வாசலில் மாப்பிள்ளை நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குழந்தை அவருக்கும் குழந்தைதான். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தோன்றியது. டீயை அவருக்கு ஊற்றிக் கொடுத்தேன். "தேங்க்ஸ் அத்தை" என்று வாங்கிக்கொண்டார். நானும் வாசல்படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று அன்று நம்பினேன். வாரம் முடிந்து வீட்டைக் காலி செய்யும் நாள் வந்தது. எங்கள் விமானம் அதற்கு அடுத்த நாள். "ஒரு நாளைக்கு நம்ம ஊட்டுக்கு வாங்கப்பா. பக்கத்துலதான் ஏர்போர்ட்டு" என்று மகள் கூப்பிட்டாள். அவர் பெட்டியின் ஜிப்பை இழுத்துக்கொண்டே, "ஏர்போர்ட்டுகிட்ட ஓட்டல் இருக்குமில்ல" என்றார்.

"நா இவ ஊட்டுல தங்கறனுங்க" என்றேன்.

"உன்ற இஷ்டம்" என்றார்.

மாப்பிள்ளை என்னையும் மகளையும் வீட்டில் இறக்கிவிட்டு இவரை ஓட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மகளின் வீட்டை அன்றைக்குத்தான் பார்த்தேன். செங்கல் சுவர், குறுகலான மாடிப்படி, கொடியில் துணி, சிங்க்கில் கழுவாத டம்ளர். எந்த வீட்டிலும் இருக்கிற மாதிரிதான் இருந்தது. டம்ளர்களைக் கழுவினேன். அவள் சோபாவில் என் மடியில் தலைவைத்துத் தூங்கிப்போனாள். மாப்பிள்ளை திரும்பி வந்ததும், அவர் ஏதாவது பேசினாரா என்று கேட்டேன். "ஒண்ணும் பேசலீங்க அத்தை. எறங்கறப்ப 'பாத்துப் போ'ன்னு சொன்னாங்க" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது.

ஊருக்கு வந்ததும் பங்காளிகளிடம் இவர் "லண்டன் டூர் போயிருந்தோம்" என்று சொன்னார். மகளைப் பார்த்ததைச் சொல்லவில்லை. நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன், மறுத்துப் பேசவில்லை. மறுநாள் கம்பெனியில் செக்கிங் மேசைக்குப் போய், எல்லோர் முன்னாலும் அந்த அம்மாளை "சம்பந்தி" என்று கூப்பிட்டேன். மேசையில் இருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் துணியிலிருந்து கையை எடுக்காமல், "பிள்ள நல்லாருக்காளா?" என்று கேட்டார். மகன் பக்கத்தில் என் கணவர் உட்கார்ந்து சாப்பிட்டாரா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சில நாள் என்று சொல்லியிருப்பேன்.

மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். ஞாயிறுகளில் அப்பாவிடமும் கொஞ்சம் பேசுகிறாள். மழையா, வெயிலா, என்ன சமையல், அவ்வளவுதான். மாப்பிள்ளையைப் பற்றி இவர் கேட்பதில்லை. இந்த வருடமும் கோடை வருகிறது, அந்த மொயலூருக்கே போகலாமா என்று நான்தான் ஆரம்பித்தேன்.

"இல்லீங்கம்மா" என்றாள் மகள். "இந்தத் தடவ நா எந்த ஊரும் பாக்க மாட்டேன். வர்றதா இருந்தா ஊட்டுக்கு வாங்க. ரெண்டு பேரும்."

அவள் சொன்னதை அவரிடம் ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன். அவர் வெளியே போய் யூனிட் வாசலில் நின்றார். இன்னும் பதில் சொல்லவில்லை. நான் ஆபீஸில் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.